பதினான்கு என்று எழுதியவள்

தோம்னிகா இத்தாலியிலிருந்து ஊர் திரும்பியதே அந்த ஆலையால்தான். ஏழு வருஷம் பதுவா நகரத்தில் யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். கணவன் இன்னொருத்தியோடு ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். மகள் இலீங்கா சொந்த ஊரான லுங்கேனியில் பெரியம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். தோம்னிகா படித்தது வேதியியல். அந்தப் படிப்புக்கு லுங்கேனியில் ஒரு வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

ஒருநாள் அக்கா சம்ஃபிரா போன் செய்தாள். "ஏய், ரயில் லைனுக்கு அந்தாண்ட எத்தனால் ஆலை கட்டி முடிச்சுட்டாங்கடி. உன் படிப்புக்கு ஆள் தேடறாங்க. சோளத்தைக் கையில வெச்சுப் பாத்துச் சொல்லணுமாம், அதுக்குச் சம்பளமாம். கிழவிங்களைக் கழுவினது போதும், கிளம்பி வா."

வந்தாள். மக்காச்சோளத்தை அரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, பெட்ரோலில் கலக்கிற சாராயம் எடுக்கிற ஆலை அது. அறுபது பேருக்கு வேலை. கடைத்தெரு வரைக்கும் தார் போட்ட ரோடு வந்தது. ஸ்ட்ராபெரி பறிக்க ஸ்பெயினுக்குப் போயிருந்த இளவட்டங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள். சோளம் விதைத்தவன் கேட்ட விலை கிடைத்தது. யாரும் ஆலையைக் குறை சொல்லவில்லை, மாடு வைத்திருந்தவர்களைத் தவிர.

ஏனென்றால் மாட்டுக்கும் சோளம்தான் வேண்டும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை மேயர் குத்தகைக்கு விட்டார்; உழுது அதிலும் சோளம் போட்டார்கள். மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். இருநூறு மாடு இருந்த ஊரில் அறுபது ஆயிற்று. அதில் பன்னிரண்டு, சம்ஃபிராவின் புருஷன் பர்வுவுடையவை.

பர்வு விற்பதாக இல்லை. ஐம்பத்தைந்து வயது, மீசைக்காரர், எதற்கெடுத்தாலும் கேலி. தோம்னிகாவைப் பார்த்தால் சும்மா விட மாட்டார். "வாடி கொழுந்தியா, உங்க ஆலைக்காரன் என் மாட்டு வாயில இருக்கிறதைப் பிடுங்கி காருக்கு ஊத்தறான். நாளைக்கு என் மமலிகாச் சோளக் களியையும் பிடுங்கி பஸ்ஸுக்கு ஊத்துவான்."

"ஊத்தட்டுமே அத்தான். உங்க தொப்பையாவது குறையும்."

மாட்டுக்கு வழி சொன்னதும் தோம்னிகாதான். சாராயம் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையை ஆலை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஈரமாக, புளித்த ரொட்டி வாடையோடு ஆவி பறக்கும் அது. சோளத்தின் மாவெல்லாம் சாராயமாகப் போய்விட்டாலும் சத்து அத்தனையும் அதில் தங்கியிருக்கும். "அத்தான், போட்டுத்தான் பாருங்களேன்" என்று ஒரு வருஷம் நச்சரித்தாள். அவர் போட்டார். ஒரே மாதத்தில் பால் கூடியது. பர்வு கடைத்தெருவில் நின்று, "என் கொழுந்தியா மூளை என் பெண்டாட்டிக்கு இருந்திருந்தா நான் எப்பவோ மந்திரி" என்று சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அன்று நாள் முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அப்படி நாலு வருஷம் ஓடியது. ஐந்தாவது வருஷம் மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லை.

செப்டம்பரில் வந்த சோளக் கதிர்களைத் தோம்னிகா உரித்துப் பார்த்தாள். மணிகள் சுருங்கிப்போய், இடுக்குகளில் பச்சைப் பொடி அப்பியிருந்தது. வறட்சியில் வருகிற பூசணம் அது. அதன் விஷம் மாட்டுத் தீவனத்தில் இறங்கினால் இரண்டே நாளில் பாலில் இறங்கும். சாராயத்துக்குள் அது போவதில்லை; சக்கையிலேயே தங்கி, மூன்று மடங்காகக் கூடி நிற்கும். இதெல்லாம் அந்த ஆலையில் அவளுக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்த மாதம் பதினேழாம் தேதி, சக்கைத் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். இருபதைத் தாண்டக் கூடாது. அறுபத்து மூன்று காட்டியது. இயந்திரம் சின்னச் சீட்டில் அச்சடித்துத் துப்பியது. அதை எடுத்துக்கொண்டு மேலாளர் டொரினிடம் போனாள்.

டொரின் கெட்டவன் இல்லை. நகரத்திலிருந்து வந்தவன், வேலையாட்கள் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருப்பவன். சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"உலர்த்துற மிஷின் ரிப்பேர்ல கிடக்கு, உங்களுக்கே தெரியும். தொட்டி நிறைஞ்சு நிக்குது. ரெண்டு நாள்ல சக்கை வெளிய போகலேன்னா ஆலையை நிறுத்தணும். இந்த வருஷம் நிறுத்தினா, மேல இருக்கிறவங்க திரும்ப ஓட்டச் சொல்வாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"அதுக்கு நான் என்ன சார் செய்ய?"

"இன்னொரு மாதிரி எடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன். பூசணம் எல்லா இடத்துலயும் ஒண்ணு போலவா இருக்கும்? நீங்கதானே போன மாசம் சொன்னீங்க, ஒரு கைப்பிடியை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு."

சொன்னது வாஸ்தவம். அதுவே அவளுக்குப் பிடிமானமாகப் போயிற்று. இரண்டாவது மாதிரி எடுக்கப் போனாள். தொட்டியின் கிழக்கு மூலையில் முந்தின வாரச் சக்கை ஒதுங்கிக் கிடந்தது. போன வருஷத்துச் சோளத்தில் வந்தது, சுத்தமானது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். கை தானாக அந்த மூலைக்குப் போனது என்று பின்னால் பல தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். கை தானாகப் போகவில்லை. ஏணியை மேற்கிலிருந்து கிழக்கே நகர்த்திப் போட்டது அவள்தான்.

பதினான்கு காட்டியது. பதிவேட்டில் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆய்வகத்தில் பத்திரப்படுத்தியதும் அந்த இரண்டாவது மாதிரியைத்தான். முதல் சீட்டைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டாள்.

மதியம் பர்வுவின் டிராக்டர் வந்தது. மீதிச் சக்கையெல்லாம் தூரத்துப் பன்றிப் பண்ணைகளுக்குப் போகிறது. பால்மாட்டுக்கு எடுக்கிறவர் அந்தச் சுற்றுவட்டத்தில் அவர் ஒருவர்தான். தோம்னிகா வாசலுக்கு ஓடினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினாள்.

"என்னடி, மூச்சிரைக்க ஓடி வர்ற? என்னைப் பார்க்க அவ்வளவு ஆசையா? உங்க அக்கா பாத்தா கொன்னுடுவா."

"அத்தான், இந்த வாரம் கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கங்களேன்."

"ஏன்? ஆலை கஞ்சமாயிடுச்சா?"

பக்கத்தில் ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். மாடி ஜன்னலில் டொரினின் தலை தெரிந்தது.

"வெயில் ஜாஸ்தி. சீக்கிரம் புளிச்சுப் போயிடும்."

"புளிச்சா என் மாடுங்க ஆடிக்கிட்டே பால் குடுக்கும். ஏத்துங்கப்பா, நிறைய ஏத்துங்க. மேய ஒரு புல்லு இல்ல வெளியில."

அவர் கையாட்டிவிட்டுப் போனார். அவள் உள்ளே போய்க் கையைக் கழுவினாள். ஒரு நாள் சக்கைதானே, பாலோடு பால் கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். நம்ப வேண்டியிருந்தது, நம்பினாள்.

நாலாம் நாள் பால் கம்பெனியின் டேங்கர், லுங்கேனிப் பாலை எடுக்காமல் திரும்பியது. ஊரில் இருபத்தெட்டு வீட்டுப் பாலும் ஒரே குளிர்தொட்டியில்தான் சேரும். ஒரு மாடு வைத்திருந்தவர்களுடையதும், இரண்டு மாடு வைத்திருந்தவர்களுடையதும், பர்வுவுடையதும். அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். வெள்ளையாக ஓடிய ஓடையை நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. சோதனைக்காரர்கள் வீடு வீடாகப் பாலை எடுத்துப் பார்த்தார்கள். பர்வு வீட்டுப் பாலில்தான் விஷம்.

அவருடைய களத்தில் சோதித்தார்கள். சக்கை தின்று தீர்ந்திருந்தது. ஆலையின் தாளில் பதினான்கு என்று இருந்தது. அவர் கதிர் சேமித்து வைத்த சொந்தச் சோளப்பட்டறையின் அடியில் நாலைந்து மூட்டை அளவுக்குப் பூசணம் பிடித்திருந்தது. அந்த வருஷம் எவன் பட்டறையைத் திறந்திருந்தாலும் அது இருந்திருக்கும். "இதான் காரணம்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். பால் கம்பெனி, லுங்கேனிக்கு இனி டேங்கர் வராது என்று சொல்லிவிட்டது. எப்படியும் பாதை நீளம், பால் குறைவு. அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது.

பால் நிலையத்து வாசலில் ஊர் கூடியது. தெக்லா என்று ஒருத்தி, முன்னாள் தபால்காரி. சைக்கிளில் முப்பது வருஷம் அந்த ஊருக்குக் கடிதம் சுமந்தவள். அவளுக்கு ஒரே ஒரு மாடு. அந்தப் பால் பணத்தில்தான் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் நேரே பர்வுவிடம் போனாள்.

"அஞ்சு மூட்டைச் சோளத்தைத் தூக்கி எறிய மனசு வரலையாடா உனக்கு? அதுக்கு எங்க எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டியா?"

அவர் மீசைக்கு நேராகத் துப்பினாள். பர்வு துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த தோம்னிகா ஒரு அடி முன்னால் வைத்தாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் சம்ஃபிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுடாதடி, விழுந்துடுவேன்" என்றாள். தோம்னிகா வாயை மூடிக்கொண்டு அக்காவைத் தாங்கிப் பிடித்தாள்.

மூன்று நாள் கழித்து பர்வு அவள் வீட்டுக்கு வந்தார். இலீங்கா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். உங்க அக்காகிட்ட சொல்லல."

"சொல்லுங்க அத்தான்."

"நான் பாத்தேன். பட்டறைக்கு அடியில பூசணம் இருந்ததைப் பாத்தேன். கையால தட்டிட்டு ரெண்டு கூடை போட்டேன். அவங்க சொல்றது சரிதான் தோம்னிகா. நான்தான். உனக்குப் படிப்பு இருக்கு, நீயே சொல்லு. ரெண்டு கூடைக்கு அவ்வளவு விஷம் ஏறுமா?"

ஏறாது. ரெண்டு கூடைக்கு ஏறவே ஏறாது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே எதனால் என்பது.

"எனக்குத் தெரியல அத்தான்" என்றாள்.

அவர் அழுதார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, சத்தமில்லாமல். பன்னிரண்டு மாடு செத்துப் போனால்கூட அவர் அப்படி அழுதிருக்க மாட்டார். தோம்னிகா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "காபி போடட்டுமா அத்தான்?" என்று கேட்டாள்.

நவம்பரில் பன்னிரண்டு மாட்டையும் இறைச்சி வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனான். தெக்லாவின் மாடும் போயிற்று. மொத்தத்தில் கிறிஸ்துமஸுக்குள் ஊரில் பதினேழு மாடுதான் மிஞ்சியது, வீட்டுப் பாலுக்கு. பர்வு கோயிலுக்குப் போவதையும் கடைத்தெருவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். சம்ஃபிரா தங்கையிடம் வந்து நின்றாள்.

"அவருக்கு ஆலையில ஏதாவது பாத்துக் குடுடி. எந்த வேலையா இருந்தாலும் சரி. வீட்டுக்குள்ளயே சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்குப் பயமா இருக்கு."

டொரின் மறுபேச்சில்லாமல் வேலை கொடுத்தான். கொடுத்துவிட்டுத் தோம்னிகாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். ஜனவரியிலிருந்து பர்வு சக்கை முற்றத்தில் மண்வாரி பிடித்தார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'பூசணம்' என்று பேர் வைத்தார்கள். "பூசணம், அந்தப் பக்கம் தள்ளு", "பூசணம், சாப்பிட வர்றியா?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் ஒரு காரியம் செய்தார். தினமும் காலையில் சக்கையைப் பல இடத்திலிருந்து கிள்ளி, ஒரு பழைய டப்பாவில் போட்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார். அது அவருடைய வேலையில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"இதைக் கொஞ்சம் பாத்துடேன்."

"அத்தான், நாங்க வாராவாரம் பாக்கறோம்."

"பரவாயில்ல, பாரு. எவன் வீட்டு மாட்டுக்கோ போகுது. பன்னியா இருந்தாலும் அதுக்கும் ஒருத்தன் இருப்பான்ல? நான் ஒரு தடவை பாக்காம விட்டேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

அவள் வாங்கி வைத்துக்கொள்வாள். அவர் போவதில்லை, வாசலில் நிற்பார். இயந்திரம் எண்ணைக் காட்டும் வரை நின்று, "சரியா இருக்கா?" என்று கேட்டு, "சரியா இருக்கு அத்தான்" என்று அவள் சொன்ன பிறகுதான் நகர்வார். இப்படி ஜனவரி முழுக்க, பிப்ரவரி முழுக்க. அவள் மெலிந்தாள். இலீங்கா, "அம்மா, டாக்டரைப் பாரேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

தவக்காலத்தின் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. டப்பாவை நீட்டியவர், "நீ ஒருத்தி பாத்துச் சொன்னாத்தான் எனக்கு அன்னிக்குச் சோறு இறங்குது" என்றார். சிரிக்கவில்லை, கேலியும் இல்லை. அவர் போனதும் தோம்னிகா மேலங்கியை மாட்டிக்கொண்டு, அலமாரியில் ஒளித்து வைத்திருந்த அந்த முதல் சீட்டை எடுத்துக்கொண்டு, மாவட்டத் தலைநகருக்குப் போகிற பத்து மணி பஸ்ஸில் ஏறினாள். டொரினிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

தீவனச் சோதனை அலுவலகத்தில் ஒரு பெண்மணி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஆறு மாசம் கழிச்சு ஏன் கொண்டு வர்றீங்க?"

"முன்னாடி கொண்டு வரலை" என்றாள் தோம்னிகா.

மறுநாளே அதிகாரிகள் வந்து ஆலையை நிறுத்தினார்கள். இயந்திரத்தின் நினைவில் அறுபத்து மூன்று அப்படியே இருந்தது. டொரினைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். போகும்போது அவள் பக்கம் வந்து, "நான் உங்களை இன்னொரு மாதிரி எடுக்கத்தான் சொன்னேன். எங்கிருந்துன்னு சொல்லலை" என்றான். அவள், "ஆமா சார், அது நான்தான்" என்றாள். அறுபது பேரும் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சோதனை முடியும்வரை என்றார்கள். எப்போது முடியும் என்று சொல்லவில்லை. காரணம் என்ன, யார் சொல்லி வந்தார்கள் என்று ஊருக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தவர் வாயால் போவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று தோம்னிகா முடிவு செய்தாள். பால் ஊற்றிய இருபத்தெட்டு வீட்டுக்கும் போக வேண்டும். முதலில் போக வேண்டிய வீடு எது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தால் அது தானாகக் கடைசியில் வரும் என்று ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள்.

முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் ஒருவர் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொன்னார். "போனது போச்சும்மா. மாடும் போச்சு. என் மகன் ஆலையிலதான் இருக்கான், அதான் இருக்கிற ஒரே வழி. நீ பாட்டுக்கு இப்படி வீடு வீடாச் சொல்லிக்கிட்டுப் போனா திரும்பத் திறப்பானா அவன்? வாயை மூடிக்கிட்டு இரு. உனக்கு மனசு உறுத்தினா பாதிரியார்கிட்ட போய்ச் சொல்லு. எங்ககிட்ட எதுக்கு?" அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் அவளை வாட்டியது. செய்தபோது ஊருக்கு வேலை போகக் கூடாது என்றுதான் செய்தாள். இப்போது சொன்னதில் ஊருக்கு வேலை போயிற்று.

ஒன்பதாவது வீடு தெக்லாவுடையது. வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். தோம்னிகா சொன்னதை முழுக்கக் கேட்டாள். கடிதம் படித்துக் காட்டச் சொல்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுவாளே, அந்த முகத்தோடு கேட்டாள்.

"அப்போ பட்டறைச் சோளம் இல்லையா?"

"இல்ல."

"அவன் இல்லையா?"

"அவர் இல்ல. நான்."

"அப்போ நான் அவன் மேல துப்பினேனே" என்றாள் தெக்லா. தோம்னிகாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லாதவள் மாதிரி, கையிலிருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு சேற்றில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

"தெக்லாக்கா! நில்லுங்க, நானே போய்ச் சொல்றேன். நான் சொல்லணும்!"

"நீ ஆறு மாசம் போகலையே" என்றாள் தெக்லா, திரும்பாமலே.

தோம்னிகா பின்னாலேயே ஓடினாள். அவளால் அந்த அறுபத்தெட்டு வயதுக்காரியை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்று பிறகு சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். அவள் போய்ச் சேர்ந்தபோது தெக்லா பர்வுவின் முற்றத்தில் நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று எங்கோ சேற்றில் போயிருந்தது. "மன்னிச்சுடு, என்னை மன்னிச்சுடுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பர்வு அவள் தலைக்கு மேலாகத் தோம்னிகாவைப் பார்த்தார்.

சம்ஃபிரா தெக்லாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தங்கையைத் தாண்டிப் போகும்போது நின்று ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பர்வு வெறும் தொழுவத்துக்குள் நடந்தார். தோம்னிகாவும் பின்னால் போனாள். பன்னிரண்டு கட்டுத்தறியும் காலியாக, சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தது.

"எத்தனை?" என்று கேட்டார்.

"அறுபத்து மூணு."

"அறுபத்து மூணு." அவர் ஒரு கட்டுத்தறிமேல் கையை ஊன்றிக்கொண்டார். "ஊர்ல வீடு வீடாப் போனியாமே. என் வீட்டுக்கு எத்தனாவதா வர்றதா இருந்த?"

"கடைசியா."

"உன் சமையக்கட்டுல உக்காந்து அழுதேன். ரெண்டு கூடைக்கு இவ்வளவு ஏறுமான்னு கேட்டேன். என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் மேலங்கிப் பொத்தானைத் திருகினாள்.

"காபி வேணுமான்னு கேட்ட." அவர் குரல் உயரவே இல்லை. "மாடு போனதுக்கு நான் உன்னைக் கேக்கலை. ஆலைக்காரன் உன்னையும் நெருக்கியிருப்பான், உனக்கும் பொண்ணு இருக்கு, தெரியும். துப்பினதுக்கும் கேக்கலை. அன்னிலேருந்து நான் எதைச் செஞ்சாலும் என்னை நானே நம்பல. உப்புப் போட்டா ரெண்டு தடவை பாப்பேன். தினம் காலையில டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்தேனே, நீ வாங்கி வாங்கி வெச்சியே! உனக்கு என்ன தோணுச்சு அப்போ?"

"செத்துடலாம்னு தோணுச்சு அத்தான்."

"சாகலையே. சரியா இருக்கு அத்தான்னு சொன்ன."

அவள் மண்டியிடப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம். அது உனக்கு சுலபம். போங்க. வீட்டுக்குப் போங்க."

'போங்க' என்றார். இருபது வருஷத்தில் அவர் அவளை மரியாதை போட்டுக் கூப்பிட்டதே இல்லை. தொழுவத்தை விட்டு வெளியே வந்து, ஊர் நடுவில் வந்துகொண்டிருக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. மிச்சம் பதினெட்டு வீடு இருந்தது. திரும்பிப் போய் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாள். இரண்டு நாளாயிற்று.

ஆலை ஏழு வாரம் மூடிக் கிடந்தது. அந்த ஏழு வாரமும் லுங்கேனியில் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். நாலு பேர் மறுபடி ஸ்பெயினுக்குப் பஸ் ஏறினார்கள்; ஏற்றிவிட வந்த அவர்களுடைய அம்மாக்கள் தோம்னிகாவின் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளியில் இலீங்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள். "நீ செஞ்சதுக்கா, சொன்னதுக்காம்மா?" என்று மகள் கேட்டபோது, "ரெண்டுக்கும்" என்றாள். இத்தாலியில் பழைய இடத்திலிருந்து வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போயிருக்கலாம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. அதனாலேயே போகவில்லை. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள்.

ஈஸ்டருக்குப் பிறகு ஆலையைத் திறந்தார்கள். புது மேலாளர், வெளியூரிலிருந்து வருகிற சோதனை, புதிதாக ஓர் உலர்த்தும் இயந்திரம். ஊர் ஆலை வாசலுக்குத் திரும்பப் போயிற்று; வேறு எங்கே போகும்? பால் டேங்கர் மட்டும் வரவேயில்லை. பர்வுவிடம் அதிகாரிகள் வருத்தம் தெரிவித்து ஒரு தாள் அனுப்பினார்கள். அவரை யாரும் 'பூசணம்' என்று கூப்பிடுவதில்லை. ஆலைக்கு அவர் திரும்பவில்லை. மே மாதம் ஒரு கன்றுக்குட்டி வாங்கினார் என்றும், அதற்குச் சக்கை போடுவதில்லை, ரயில் பாதை ஓரத்துப் புல்லை அறுத்து வந்து போடுகிறார் என்றும் தெக்லா சொல்லித் தெரிந்தது. இப்போதெல்லாம் தோம்னிகாவிடம் நின்று பேசுகிற ஒருத்தி தெக்லாதான்.

சம்ஃபிரா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். அரை மணி உட்காருவாள், இலீங்காவுக்கு ஏதாவது கொடுப்பாள், வானிலை பேசுவாள். தோம்னிகாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூனில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், எதிரே பர்வு தோளில் புல்கட்டோடு வந்தார். வழி குறுகல். அவள் ஒதுங்கி நின்றாள். அவரும் நின்றார். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா?" என்று கேட்டார்.

"எழுதிட்டா. நல்லா எழுதியிருக்கா."

"சரி. பாத்துப் போங்க. அங்க சேறு இருக்கு."

அவர் போனார். அவள் சேற்றைத் தாண்டிப் போய், வேலைக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தாள். அன்று நூற்றிருபது தட்டு கழுவினாள். எல்லாத் தட்டிலும் அந்த 'போங்க' கேட்டுக்கொண்டே இருந்தது.